கியூரியஸில் இருக்கும் யு, கியூரியாசிட்டியில் எங்கே போனது?

மஞ்சக்குப்பம்_அப்பா எழுதியது:
எட்டாவது படிக்கும் என் மகள், பரீட்சையில் கியூரியாசிட்டி என்ற வார்த்தையை ஓ-வுக்குப் பக்கத்தில் ஒரு யு சேர்த்து எழுதிவிட்டாள். சிவப்பு மையில் வட்டம், அரை மார்க் போச்சு. அது போகட்டும். "கியூரியஸில் யு இருக்கே மிஸ், இதில் மட்டும் ஏன் இல்லை?" என்று வகுப்பில் கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் அப்படித்தான், பத்து தடவை எழுதிட்டு வா" என்று பதில் வந்திருக்கிறது. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆசைக்கென்று இருக்கும் வார்த்தைக்கே இந்தக் கதி. ராத்திரி சாப்பிடும்போது என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் பி.காம். படித்தவன். ஜெனரஸ், ஜெனராசிட்டியிலும் அந்த யு இதே மாதிரி காணாமல் போகிறது என்பது வரைக்கும்தான் எனக்கு எட்டியது. இதற்கு விதி ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குண்டுசாலை எழுதியது:
விதியாவது ஒன்றாவது. போனில் தட்டுங்க அண்ணே, அதுவே திருத்திக் கொடுத்துடும்.

கெடிலக்கரை எழுதியது:
கலர், ஹானர் எல்லாவற்றிலும் அமெரிக்கர்கள் யு-வைத் தூக்கிவிடுகிறார்களே, அந்தக் கேஸ்தானே இதுவும்? யு போட்டால் பிரிட்டிஷ், போடாவிட்டால் அமெரிக்கன். பாப்பா எழுதியது பிரிட்டிஷ் முறை என்று சொல்லி மார்க்கைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

மிஷன்வீதி_வாத்தியார் எழுதியது:
கெடிலக்கரை சார் பேச்சைக் கேட்டுப் பள்ளிக்கூடம் போய்விடாதீர்கள். லண்டனிலும் கியூரியாசிட்டிக்கு யு கிடையாது, நியூயார்க்கிலும் கிடையாது. கலர், ஹானர் வேறு கதை. பிரிட்டிஷ்காரர்களே ஹியூமருக்கு யு போடுவார்கள், ஹியூமரஸ் என்று வந்தால் ஹியூமரில் இருந்த யு-வை எடுத்துவிடுவார்கள். விகர், விகரஸும் அப்படித்தான்.

விதி இருக்கிறது. பாண்டிச்சேரிக்காரனுக்கு அது சீக்கிரம் பிடிபடும், ஏனென்றால் விஷயமே பிரெஞ்சில்தான் இருக்கிறது. இங்கே பல வருஷம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மூலம் லத்தீன். கியூரியோசுஸ் என்று உரிச்சொல், கியூரியோசிட்டாஸ் என்று பெயர்ச்சொல். இரண்டிலும் நடுவில் வெறும் ஓ-தான். உரிச்சொல் பிரெஞ்சுக்காரர்கள் வாயில் புழங்கிப் புழங்கித் தேய்ந்தது. பாரிஸ் பக்கம் அந்த விகுதி இ-யு-எக்ஸ் ஆனது, இன்றைய கியூரியோ என்ற உச்சரிப்பு அதிலிருந்து வருகிறது. இங்கிலாந்தை ஆண்ட நார்மன்கள் எழுதிய பிரெஞ்சில் அது ஓ-யு-எஸ் ஆக நின்றது. ஆங்கிலம் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவதை, 14-ஆம் நூற்றாண்டில். பெயர்ச்சொல்லோ அவ்வளவு தேயவில்லை. படித்தவர்கள் எழுத்தில் புழங்கிய வார்த்தை, லத்தீன் ஓ அப்படியே தங்கிவிட்டது. இன்றும் பிரெஞ்சில் உரிச்சொல்லுக்கு இ-யு-எக்ஸ், பெயர்ச்சொல்லான கியூரியோசித்தேவுக்கு ஒற்றை ஓ. ஆகவே யு-வை யாரும் பிடுங்கவில்லை. கியூரியாசிட்டியில் நிலைத்து நின்றது லத்தீன் ஓ-தான்.

பாப்பாவுக்குச் சொல்ல ஒரு சுலப வழி: காதை நம்பச் சொல்லுங்கள். கியூரியஸ் என்னும்போது அழுத்தம் முதலில் விழுகிறது, கடைசி அசை 'அஸ்' என்று மங்கிப்போகிறது. மங்கினால் ஓ-யு-எஸ். கியூரியாசிட்டி என்னும்போது அழுத்தம் 'ஆ'-வுக்கு நகர்ந்து, அங்கே வாய் நன்றாகத் திறக்கிறது. திறந்தால் ஒற்றை ஓ. மான்ஸ்ட்ரஸ், மான்ஸ்ட்ராசிட்டி சொல்லிப் பாருங்கள். இயற்பியல் புத்தகத்தில் வரும் விஸ்கஸ், விஸ்காசிட்டியும், போரஸ், போராசிட்டியும் இதே குடும்பம். எல்லா 'அஸ்'-க்கும் 'ஆசிட்டி' வராது என்பதையும் கையோடு சொல்லிவிடுங்கள். ஃபேமஸுக்கு ஃபேமாசிட்டி கிடையாது. ஆங்ஷியஸ், ஆங்சைட்டி ஆகிவிடும்.

மஞ்சக்குப்பம்_அப்பா எழுதியது:
வாத்தியார் ஐயா, பத்து தடவை எழுத வைத்ததற்குப் பதில் இதை ஒரு தடவை சொல்லியிருக்கலாம். காலையில் வண்டியில் போகும்போது 'அஸ், ஆசிட்டி' என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். அடுத்த கேள்வி தயார்: கியூரியஸுக்கும் கியூர், அதாவது நோயைக் குணப்படுத்துவதற்கும், சம்பந்தம் உண்டா?

மிஷன்வீதி_வாத்தியார் எழுதியது:
உண்டு, நேர் சொந்தம். இரண்டுக்கும் தாய் லத்தீன் கியூரா. கவனிப்பு, அக்கறை, பொறுப்பு, கவலை எல்லாம் அதில் அடக்கம். கவனித்தால் குணமாகும், அது கியூர். பொருள்களைக் கவனிப்பவர் மியூசியத்தின் கியூரேட்டர். பங்குமக்களின் ஆன்மாவைக் கவனிப்பவர் பிரெஞ்சில் கியூரே, பங்குச் சாமியார். அக்கறையாகச் செய்தது ஆக்குரேட். கவலை இல்லாத நிலை செக்யூர். அந்த செக்யூரே பிரெஞ்சில் தேய்ந்து ஷ்யூர் ஆகியும் வந்தது. மேனிக்யூர், பெடிக்யூர் தெரிந்ததே. எனக்குப் பிடித்தது ப்ராக்சி. இன்னொருவருக்காகப் பொறுப்பெடுத்துக்கொள்வது ப்ரோக்யூரசி, அதன் குறுக்கம்தான் ப்ராக்சி. கல்லூரியில் நண்பனுக்காக 'பிரசன்ட் சார்' சொன்ன அத்தனை பேரும் லத்தீன் கியூராவுக்குச் சேவை செய்தவர்கள்தான்.

ஆக, கியூரியஸ் என்பதற்கு முதல் அர்த்தம் அக்கறை மிகுந்தவன். அக்கறை கொஞ்சம் கூடினால் அடுத்தவன் விஷயத்தில் தலையிடுகிறவன். லத்தீனிலேயே இந்த இரண்டு அர்த்தமும் இருந்தன.

துறைமுகம்_ஓ.டி. எழுதியது:
அப்படியானால் கேர் என்ற ஆங்கில வார்த்தையும் கியூராதான். கேர், கியூர் ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. இதற்கு அகராதி வேறு வேண்டுமா?

மிஷன்வீதி_வாத்தியார் எழுதியது:
வேண்டும் தோழர். கேர் ஜெர்மானிய வார்த்தை. பழைய ஆங்கிலத்தில் அதற்குத் துக்கம், புலம்பல் என்று பொருள். ஜெர்மனியில் புனித வெள்ளியை கார்ஃப்ரைடாக் என்கிறார்கள், அந்தக் 'கார்' இதுதான்: அழுகை வெள்ளி. துக்கம் கவலையாகி, கவலை கவனிப்பாகி, கடைசியில் பொருளளவில் கியூராவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. வேர் வேறு.

துறைமுகம்_ஓ.டி. எழுதியது:
அகராதி போட்டவன் சொல்வதெல்லாம் வேதமா? சரி, விடுங்கள்.

சில்வர்பீச் எழுதியது:
துறைமுகம் அண்ணனைச் சமாதானப்படுத்த ஒன்று சொல்கிறேன். இந்த இரண்டு வார்த்தைகளும் ஒரு பழமொழியில் இடம் மாறியிருக்கின்றன. 'கியூரியாசிட்டி கில்ட் தி கேட்' என்று அதட்டுவார்கள் இல்லையா, அதன் பழைய வடிவத்தில் பூனையைக் கொன்றது கேர். பென் ஜான்சன் 1598-இல் மேடையேறிய நாடகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறார். ஷேக்ஸ்பியரும் அடுத்தடுத்த ஆண்டுகளில் அதையே கையாண்டார். அங்கே கேர் என்றால் கவலை. கவலை பூனையையே தின்றுவிடும், ஆகவே கவலைப்படாதே என்று அர்த்தம். 19-ஆம் நூற்றாண்டில் யாரோ கேரைத் தூக்கிவிட்டு அங்கே கியூரியாசிட்டியை உட்காரவைத்துவிட்டார்கள். மனம் தேற்றச் சொன்ன வாக்கியம், 'கேள்வி கேட்காதே' என்று வாயை அடைப்பதற்கு ஆகிவிட்டது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

குண்டுசாலை எழுதியது:
பூனை என்ன பண்ணிச்சு பாவம்.

முதுநகர்_பாடகர் எழுதியது:
சர்ச்சில் ஆங்கில ஆராதனை, தமிழ் ஆராதனை இரண்டிலும் பாடுகிறவன் நான். 1611-ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில் கியூரியஸ் வரும் இடங்களைப் பார்த்தால் வாத்தியார் சொன்ன 'அக்கறை' பளிச்சென்று தெரியும். யாத்திராகமம் 28-இல் ஆசாரியனின் ஏபோத்து என்ற மேலாடைக்குக் கட்டும் கச்சையை 'கியூரியஸ் கர்டில்' என்கிறது. கச்சைக்கு என்ன ஆர்வம்? அது அக்கறையாக, நுணுக்கமாக நெய்த கச்சை. தமிழில் அதே இடத்தில் 'விசித்திரமான கச்சை'. சங்கீதம் 139-இல் தாயின் கருவில் மனிதன் உருவாவதைச் சொல்லும்போது 'கியூரியஸ்லி ராட்' என்று வரும். தமிழில் 'விசித்திர விநோதமாய்'. பாடும்போது நாக்கில் இனிக்கும் சொல்.

விசித்திரம் என்றால் இன்று நாம் 'என்னமோ மாதிரி' என்றுதான் நினைக்கிறோம். அந்த மொழிபெயர்ப்பில் அது சித்திர வேலைப்பாடு. கியூரியஸும் இதே பாதையில்தான் போயிருக்கிறது: நுணுக்கமானது, அதனால் அபூர்வமானது, அதனால் விநோதமானது. அப்போஸ்தலர் நடபடிகள் 19-இல் மட்டும் சேதி வேறு. அங்கே 'கியூரியஸ் ஆர்ட்ஸ்' என்றால் மாயவித்தை. எபேசு பட்டணத்தில் அந்தப் புஸ்தகங்களை எல்லார் முன்பாகவும் எரித்துவிடுகிறார்கள். தேவையில்லாததைத் தோண்டுவது பாவம் என்ற எண்ணம் அந்தக் காலத்துச் சபையில் வலுவாக இருந்தது. சபையின் பெரிய போதகரான புனித அகுஸ்தீன் அதைக் கண்களின் இச்சை என்ற பாவத்தில் சேர்த்துவிட்டார்.

சில்வர்பீச் எழுதியது:
பாவமாக இருந்தது எப்போது பெருமையாக மாறியது என்பதுதான் எனக்குக் கேள்வி. 2012-இல் செவ்வாயில் இறங்கிய ஊர்திக்கே நாசா கியூரியாசிட்டி என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரைப் போட்டியில் எழுதி அனுப்பியது ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் குழந்தை. அந்தப் பிள்ளை ஸ்பெல்லிங்கைச் சரியாகத்தான் எழுதியிருக்க வேண்டும்!

மிஷன்வீதி_வாத்தியார் எழுதியது:
ஒரே நாளில் மாறவில்லை. 17, 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சில் கியூரியோ என்றால் சிப்பி, நாணயம், பதப்படுத்திய பறவை, தூரதேசத்துப் பொருள்கள் என்று சேர்த்து அலமாரியில் அடுக்கிவைக்கும் கனவான். நம் ஊர்க் கடைப் பலகைகளில் இருக்கும் கியூரியோ என்ற வார்த்தை, கியூரியாசிட்டியை 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் வெட்டிக் குறுக்கியது. வெளிநாட்டுக்காரர்கள் அங்கே பேரம் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள்.

அந்த 18-ஆம் நூற்றாண்டின் கியூரியாசிட்டிக்குப் பாண்டிச்சேரியிலேயே ஒரு சாட்சி உண்டு. ல ஜாந்தீ என்ற வானியலாளர். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதை இங்கிருந்து பார்க்க 1760-இல் பிரான்சிலிருந்து கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் 1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கடப்பு நடந்த நாளில் அவர் கப்பலில். ஆடுகிற தளத்தில் நின்று எதை அளப்பது? அடுத்தது 1769-இல். ஊருக்குத் திரும்பாமல் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே சுற்றி, பாண்டிச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபின் இங்கே வந்து காத்திருந்தார். ஜூன் 4 காலையில் மேகம் மூடிக்கொண்டது. 1771-இல் பாரிஸ் திரும்பினால், இறந்துவிட்டார் என்று முடிவுகட்டி அகாதெமியில் அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அகுஸ்தீன் இருந்திருந்தால் 'நான் அப்பவே சொன்னேனே' என்றிருப்பார்.

பழைய_தட்டச்சு எழுதியது:
என் பிரச்சினைக்கு வருகிறேன். அலுவலகத்தில் நான் அடித்த குறிப்பாணையில் என்கொயரி என்பதை இ எழுத்தில் தொடங்கியிருந்தேன். மேலதிகாரி அடித்துவிட்டு ஐ போட்டார். அடுத்த மாதம் வேறொருவர் வந்தார், ஐ-யை அடித்துவிட்டு இ போட்டார். யார் சொல்வது சரி?

கெடிலக்கரை எழுதியது:
ஐ அமெரிக்கன், இ பிரிட்டிஷ். இந்த முறை நான் சொல்வது சரிதானே?

பாரதிபூங்கா எழுதியது:
பாதி சரி சார். அமெரிக்கர்கள் எல்லாவற்றுக்கும் ஐ போடுவார்கள் என்பது உண்மை. ஆனால் பிரிட்டனில் இரண்டும் உண்டு. சும்மா விவரம் கேட்டால் இ, அதிகாரபூர்வமாக விசாரித்தால் ஐ என்று பலர் பிரித்து எழுதுகிறார்கள். நான் சட்டம் படித்தவள், நம் நாட்டிலும் பெரும்பாலும் இந்தப் பிரிவினைதான். ரயில்வே ஸ்டேஷன் பலகையில் என்கொயரி இ-யில் தொடங்கும். வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்கும் இடம் அது. 1952-ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் ஐ. ஊழியர் மேல் துறை நடவடிக்கை எடுக்கும் மத்திய அரசின் 1965-ஆம் ஆண்டு விதிகளிலும் ஐ. குறிப்பாணை எதைப் பற்றியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். யாரையாவது விசாரணைக்கு அழைப்பதென்றால் முதல் அதிகாரி சொன்னதே சரி.

வேர் இரண்டுக்கும் ஒன்று. லத்தீனில் க்வைரெரே என்றால் தேடுவது. அதிலிருந்து க்வெஸ்சன், க்வெஸ்ட், ரிக்வெஸ்ட், அக்வயர் எல்லாம் வந்தன. இன்க்விசிட்டிவும் அதுதான். 1560-இலிருந்து கோவாவில் மக்களை ஆட்டிப்படைத்த இன்க்விசிஷனும் அதேதான். ஒரு குழந்தையின் குணத்துக்கும் ஒரு சித்திரவதைக் கூடத்துக்கும் ஒரே வேர்.

இதில் கவனிக்க வேண்டியது முன்னிடைச்சொல். இன்கொயர் அபவுட் என்றால் விவரம் கேட்பது, இன்கொயர் இன்ட்டு என்றால் துப்புத் துலக்குவது, இன்கொயர் ஆஃப்டர் என்றால் ஒருவர் நலமா என்று விசாரிப்பது. கட்சிக்காரர் ஒருவர் 'போலீஸ் இன்கொயர்ட் ஆஃப்டர் மீ' என்று மனுவில் எழுதிக் கொண்டுவந்தார். போலீஸ் அவ்வளவு பாசமாகக் குசலம் விசாரித்ததா என்று கேட்டேன்.

பழைய_தட்டச்சு எழுதியது:
நன்றி மேடம். இதைப் பிரின்ட் எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுகிறேன்.

ஐ.டி.தம்பி எழுதியது:
நான் பாண்டியிலிருந்து சென்னைக்கு இன்டர்வியூ போயிட்டு வந்தேன். 'ஐ ஆம் எ கியூரியஸ் பர்சன்' என்றேன். எதிரே இருந்தவர் சிரித்தார். ஏன் என்று புரியவில்லை.

பாரதிபூங்கா எழுதியது:
'நான் ஒரு விசித்திரப் பிறவி' என்றும் அதற்கு அர்த்தம் வரும் தம்பி. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் கியூரியஸ் நின்றால் இந்த இரட்டை அர்த்தம் ஒட்டிக்கொள்ளும். 'ஐ ஆம் கியூரியஸ் அபவுட்' என்று எதைப் பற்றி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் வம்பில்லை. செயலைச் சொல்வதென்றால் 'கியூரியஸ் டு நோ'. கியூரியஸ்லி இன்னும் மோசம். வாக்கியத்தின் தலையில் வந்தால் 'விநோதம் என்னவென்றால்', வினைக்குப் பக்கத்தில் வந்தால் 'ஆவலோடு'. இன்க்விசிட்டிவ் உங்கள் வயதில் வேண்டாம். பத்து வயதுப் பிள்ளையைச் சொன்னால் பாராட்டு, பக்கத்து வீட்டுக்காரரைச் சொன்னால் புகார்.

ஊசுட்டேரி எழுதியது:
நான் பறவை பார்க்கிறவன், இங்கே எனக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். கிபிட்சர் என்று ஒரு வார்த்தை உண்டு. சீட்டாடுகிறவர்களுக்குப் பின்னால் நின்று, 'அதைப் போடாதே, இதைப் போடு' என்று கேட்காமலே யோசனை சொல்லும் ஆசாமி. யூதர்கள் பேசிய இத்திஷ் மொழி வழியாக அமெரிக்காவுக்குப் போன வார்த்தை. மூலம் ஜெர்மனின் கீபிட்ஸ். அது ஒரு பறவையின் பெயர். எந்தப் பறவை தெரியுமா? நம்ம ஆள்காட்டியின் பங்காளி, ஒரே பேரினம். ஏரிக்கரையில் கால் வைத்த உடனே தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தி, ஊருக்கே நம்மைக் காட்டிக்கொடுக்குமே அதுதான். போன ஞாயிறு நாரைக் கூட்டம் ஒன்றைப் படம் எடுக்கத் தவழ்ந்து போனேன். சிவப்பு மூக்கு ஆள்காட்டி ஒன்று காரியத்தைக் கெடுத்துவிட்டது. ஜெர்மானியனுக்கும் நமக்கும் அந்தக் குருவி மேல் ஒரே புகார்.

குண்டுசாலை எழுதியது:
இந்த இழையிலேயே நாலு கிபிட்சர் இருக்கோம்.

சில்வர்பீச் எழுதியது:
பிறர் விஷயத்தை மோப்பம் பிடிப்பவர்களுக்குத்தான் ஆங்கிலத்தில் வார்த்தைகள் கொழிக்கின்றன. ஸ்னூப் டச்சு வார்த்தை. மூலப் பொருள் திருட்டுத்தனமாகத் தின்பண்டம் தின்பது. அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்கள் கொண்டுபோனது. சமையலறை டப்பாவைத் திறக்கிற கை, நாளடைவில் அடுத்தவர் கடிதத்தைத் திறக்கிற கை ஆகிவிட்டது. டச்சுக்காரர்கள் 1693-இல் பாண்டிச்சேரியைப் பிடித்து, 1697 ஒப்பந்தத்தால் திரும்பக் கொடுத்துவிட்டுப் போனவர்கள்தானே, அவர்களிடமிருந்து இந்த ஊருக்கு வார்த்தை எதுவும் தங்கியதா தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈவ்ஸ்டிராப்பிங் இன்னும் அழகு. ஈவ்ஸ் என்றால் இறவாணம். ஓட்டு வீட்டில் மழைத்தண்ணீர் சொட்டிச் சொட்டிச் சுவரை ஒட்டி வரிசையாகக் குழி விழுமே, அந்த இடம்தான் ஈவ்ஸ்டிராப். அங்கே நின்று உள்ளே பேசுவதைக் கேட்பவன் ஈவ்ஸ்டிராப்பர். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் பாட்டி வீட்டில் அந்த இடத்தில்தான் ஜன்னல். யார் நின்றாலும் உள்ளே நிழல் தெரியும். இங்கிலாந்தில் அது சட்டப்படி குற்றம், 1967-இல்தான் நீக்கினார்கள். ஸ்பெல்லிங் பிரியர்களுக்கு: அந்த எஸ் பன்மை விகுதியே அல்ல. பழைய வார்த்தையே எஸ்ஸில் முடிந்தது. பன்மை என்று நினைத்து எஸ்ஸை வெட்டி, ஈவ் என்று ஒருமையைப் பிறகு உண்டாக்கினார்கள்.

மஞ்சக்குப்பம்_அப்பா எழுதியது:
மகள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். நோசி என்பதற்கு இ உண்டா இல்லையா என்று கேட்கிறாள்.

மிஷன்வீதி_வாத்தியார் எழுதியது:
இரண்டும் சரி. இ இல்லாதது அதிகம். நோஸி பார்க்கர் என்று சேர்த்துச் சொல்லும்போது மட்டும் இ போடுவது வழக்கம். மூக்குதான் வேர். நோஸும், சமஸ்கிருதத்திலிருந்து நமக்கு வந்த நாசியும் உறவு. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது நமக்கும் தெரிந்ததுதானே.

துறைமுகம்_ஓ.டி. எழுதியது:
அந்தப் பார்க்கர் எனக்குத் தெரியும். எலிசபெத் ராணி காலத்து ஆர்ச்பிஷப் மாத்யூ பார்க்கர். நீள மூக்கு, எல்லாச் சர்ச்சிலும் போய்த் துருவித் துருவிக் கேட்பார். இதுக்காவது ஆமாம்னு சொல்லுங்க வாத்தியாரே.

மிஷன்வீதி_வாத்தியார் எழுதியது:
சொல்ல ஆசைதான். அவர் செத்தது 1575-இல். நோஸி பார்க்கர் என்ற பெயர் எழுத்தில் கிடைப்பது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். நடுவில் முந்நூறு வருஷத்துக்கு மேல் அந்தப் பட்டப்பெயரை ஒருத்தரும் எழுதாமல் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார்களா?

துறைமுகம்_ஓ.டி. எழுதியது:
ரகசியம் காத்திருப்பார்கள்.